'தி பிளாக் பாந்தர்' (1977): சான்றிதழ் கிடைத்தும் முடங்கிய படம்

நிழற்பெட்டி:

இந்தப் படத்துக்கு இங்கே தனி இழை இல்லை என்பதால் தொடங்குகிறேன். பெயரை மட்டும் போட்டுத் தேடினால் பக்கம் பக்கமாக மார்வெல் படம்தான் வரும். இயக்குநர் இயன் மெரிக் பெயரையும் 1977 என்பதையும் சேர்த்துப் போடுங்கள். திரைக்கதை மைக்கேல் ஆம்ஸ்ட்ராங், இசை ரிச்சர்ட் ஆர்னெல். 'பிளாக் பாந்தர்' என்று பத்திரிகைகள் பெயரிட்ட டொனால்ட் நீல்சன் என்ற பிரிட்டிஷ் கொலைகாரனாக நடித்தவர் டொனால்ட் சம்ப்டர். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரில் மேஸ்டர் லூவினாக வந்த அதே நடிகர்.

நீல்சன் பிராட்ஃபோர்டில் வாழ்ந்தவன். ராணுவத்தில் கட்டாயச் சேவை முடித்தவன். பல ஆண்டுகள் வீடு புகுந்து திருடிப் பிறகு சின்ன அஞ்சலகங்களைக் கொள்ளையடிக்கத் தொடங்கினான். 1974ல் மட்டும் ஹாரோகேட், பாக்சென்டன், லாங்லி என மூன்று ஊர்களில் மூன்று பேரைச் சுட்டுக் கொன்றான். 1975 ஜனவரி 14 அன்று ஷ்ரோப்ஷையரின் ஹைலி கிராமத்தில் 17 வயது லெஸ்லி விட்டிலைக் கடத்தி 50,000 பவுண்டு கேட்டான். மார்ச் 7 அன்று கிட்ஸ்குரோவ் ஊரின் பாத்பூல் பூங்காவில், நிலத்தடி வடிகால் குழிக்குள் அவள் உடல் கிடைத்தது. டிசம்பரில் அவன் பிடிபட்டான். 1976 ஜூலையில் ஆக்ஸ்ஃபோர்டு நீதிமன்றம் தண்டித்தது.

தீர்ப்பு வந்து ஒன்றரை ஆண்டுக்குள் படம் தயார். தணிக்கை வாரியம் எக்ஸ் சான்றிதழ் (வயதுவந்தோருக்கு மட்டும்) கொடுத்தும் படம் ஓடவில்லை. பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டின் 'ஃபிளிப்சைட்' வரிசையில் டிவிடி வட்டாக வந்தது 2012ல்தான். நடுவில் 35 ஆண்டுகள்! தடை உத்தரவு என்று ஒரு காகிதமும் இல்லாமல் ஒரு படம் எப்படி இவ்வளவு காலம் காணாமல் போகும்? இதே நிலையில் கிடக்கும் வேறு படங்களை எப்படித் தேடுவது? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

வடகரையான்:

காகிதம் இல்லாமல் முடக்க முடிந்ததற்குக் காரணம் பிரிட்டிஷ் திரையரங்குச் சட்டத்தின் அமைப்பு. அங்கே தணிக்கை வாரியம் என்பது 1912ல் திரைத்துறையே அமைத்துக்கொண்ட அமைப்பு. நம் ஊர் போல மத்திய அரசின் வாரியம் அல்ல. அரங்கில் ஒரு படத்தை அனுமதிப்பதும் மறுப்பதும் சட்டப்படி உள்ளூர்க் கவுன்சிலின் கையில்.

இது வந்த வழி விசித்திரமானது. 1909 சினிமாட்டோகிராஃப் சட்டம் தீ விபத்துக்காகப் போடப்பட்டது. நைட்ரேட் ஃபிலிம் சட்டென்று பற்றிக்கொள்ளும் என்பதால் அரங்குகளுக்கு உரிமம் கட்டாயமாயிற்று. உரிமத்தில் தீயோடு சம்பந்தமில்லாத நிபந்தனையும் போடலாமா என்ற கேள்வி பெர்மண்ட்சியில் ஓர் அரங்கை ஞாயிற்றுக்கிழமை திறந்த வழக்கில் எழுந்தது. போடலாம் என்று 1911ல் பதிவான தீர்ப்பு சொன்னது. அதிலிருந்து படத்தின் உள்ளடக்கமும் கவுன்சிலின் அதிகாரத்துக்குள் வந்துவிட்டது. வாரியம் அனுமதித்ததைக் கவுன்சில் மறுக்கலாம், வாரியம் மறுத்ததைக் கவுன்சில் அனுமதிக்கலாம். 2003 உரிமச் சட்டத்திலும் இந்த அதிகாரம் தொடர்கிறது. டேவிட் குரோனன்பர்க்கின் 'கிராஷ்' படத்தை லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் தன் எல்லைக்குள் தடுத்தது இதை வைத்துத்தான்.

ஆகவே 1977ல் தேசிய அளவில் தடை தேவைப்படவில்லை. செய்தித்தாள்கள் கொதித்தன. பிபிசியின் 'டுநைட்' நிகழ்ச்சியில் சூ லாலி மெரிக்கை உட்காரவைத்துக் கடுமையாகக் கேள்வி கேட்டார். கவுன்சில்கள் ஒவ்வொன்றாக மறுத்தன. நான்கு ஊரில் மறுத்தாலே விநியோகஸ்தர் கணக்கு போட்டுப் பார்ப்பார். பிரிண்டை ஊர் ஊராக அனுப்பும் செலவு, விளம்பரச் செலவு, அரங்கு வாசலில் ஆர்ப்பாட்டம். படப்பெட்டி கிடங்குக்குத் திரும்பிவிடும்.

கூடல்வாசி:

நிழற்பெட்டி, "முடக்கப்பட்டது" என்று எழுதும்போது எதிர்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். அந்தப் பெண்ணின் அம்மாவும் அண்ணனும் உயிரோடு இருந்தார்கள். உடல் கிடைத்து மூன்று ஆண்டுகூட ஆகவில்லை. குடும்பத்துக்கு நேர்ந்ததை நடிகர்களை வைத்துத் திரையில் காட்டுகிறார்கள் என்றால் ஊர் கொதிக்கத்தான் செய்யும். அதை வெறும் பத்திரிகைச் சதி என்று சொல்லிவிட முடியாது.

நிழற்பெட்டி:

சொல்லவில்லை, கூடல்வாசி. வலி உண்மை, கோபமும் நியாயம். நான் கேட்பது வேறு. கோபப்பட்டவர்கள் நினைத்த படமும் எடுக்கப்பட்ட படமும் ஒன்றா என்பதுதான். ஆம்ஸ்ட்ராங் அதற்கு முன் எழுதியவை திகில் படங்களும் 'எஸ்கிமோ நெல்' போன்ற கவர்ச்சி நகைச்சுவையும். அந்தப் பெயரையும் தலைப்பையும் பார்த்தவர்கள் மலிவான ரத்தப் படம் என்று முடிவுகட்டியிருப்பார்கள். வட்டில் பார்த்தவர்களுக்குத் தெரியும், படத்தில் வசனமே குறைவு. ஒரு மனிதன் முட்டாள்தனமாகவும் கொடூரமாகவும் திட்டம் போடுகிறான், திட்டம் ஒவ்வொரு படியிலும் சொதப்புகிறது, செத்தது மற்றவர்கள். அவனை நாயகனாக்கும் ஒரு ஷாட்கூட என் கண்ணில் படவில்லை.

ஆவணத்தேனீ:

வழக்கின் விவரம் தெரிந்தால் படம் எவ்வளவு ஒட்டிப் போகிறது என்று புரியும். இரண்டு பொருட்களைக் கவனியுங்கள்.

ஒன்று, கையால் சுற்றும் துளைக்கருவி. அவன் ஜன்னலை உடைப்பதில்லை. ஜன்னல் சட்டத்தில், கொண்டிக்கு அருகே சின்னத் துளை போட்டு, உள்ளே கம்பியை விட்டுக் கொண்டியைத் தூக்குவான். சத்தம் குறைவு, நேரம் அதிகம். போலீஸ் வெவ்வேறு ஊர்த் திருட்டுகளை இணைத்துப் பார்த்ததற்கு இந்தத் துளையும் ஒரு காரணம்.

இரண்டாவது, டைமோ டேப். ஒரு சக்கரத்தை எழுத்துக்குத் திருப்பி, கைப்பிடியை அழுத்தினால், பிளாஸ்டிக் பட்டையில் அந்த எழுத்து வெள்ளையாகப் புடைக்கும். அடுத்த எழுத்துக்கு மறுபடி திருப்பு, மறுபடி அழுத்து. கையெழுத்தும் இல்லை, தட்டச்சு இயந்திரத்தின் அடையாளமும் இல்லை. பணயத்தொகைக் கடிதம் முழுவதையும் நீல்சன் இப்படித்தான் எழுதினான். இவ்வளவு பொறுமையாகத் தடயத்தை மறைத்தவன், திருடிய காரை டட்லியில் விட்டுவிட்டுப் போனான். அந்தப் பெண்ணின் செருப்பும் டைமோ பட்டைகளும் ஒலிப்பதிவுக் கருவியும் அதற்குள் கிடந்தன. ஒரு வாரத்துக்கு மேல் யாரும் அந்தக் காரைத் திறந்து பார்க்கவில்லை.

கூடல்வாசி சொன்னதோடு சேர்த்து இதையும் வைக்கிறேன். கடத்தல் நடந்த அன்றிரவு கிடர்மின்ஸ்டர் தொலைபேசிக் கூண்டில் அண்ணன் பணத்தோடு காத்திருந்தபோதே செய்தி கசிந்து ஒலிபரப்பாகிவிட்டது. போலீஸ் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. அடுத்த முயற்சியில் கிட்ஸ்குரோவ் கூண்டுக்குள் அவன் ஒளித்துவைத்த டைமோ செய்திப் பட்டையைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் நேரம் போய்விட்டது. பூங்காவில் அவன் விட்ட டார்ச்சையும் டைமோ பட்டையையும் பள்ளிப் பையன்கள்தான் எடுத்திருந்தார்கள். இது போலீசுக்குத் தெரிந்ததே மார்ச்சில். இந்த வழக்கில் போலீசுக்கும் ஊடகத்துக்கும் சங்கடமான பக்கங்கள் நிறைய. அவற்றைத் திரையில் போட்ட படத்தை ஊடகம் வரவேற்றிருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

கூடல்வாசி:

ஏற்கிறேன். ஆனாலும் ஓர் இடம் உறுத்துகிறது. குழிக்குள் அவள் விழுந்த கணத்தைப் பார்த்தவன் அவன் ஒருவன்தான். தானாக விழுந்தாள் என்றான், ஜூரி நம்பவில்லை, கொலை என்றே தீர்ப்பு. அந்தக் கணத்தை எந்தக் கோணத்தில் படமாக்கினாலும் அது யாரோ ஒருவர் சொன்ன சாட்சியம் ஆகிவிடும். "உள்ளதை உள்ளபடி" என்று சொல்லும் குற்றப்படங்கள் எல்லாவற்றுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. பார்ப்பவர்கள் அந்தக் காட்சியில் காமிரா எங்கே நிற்கிறது என்று கவனிக்கட்டும்.

நிழற்பெட்டி:

நல்ல கேள்வி. அந்தக் காட்சியை மறுபடி நிதானமாகப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

மூன்றாம்ரீல்:

தேடுவது பற்றிக் கேட்டீர்கள். முதலில் "தொலைந்த" படத்தையும் "முடங்கிய" படத்தையும் பிரித்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் 2010ல் வெளியிட்ட 75 படப் பட்டியல் தொலைந்தவற்றுக்கானது. ஹிட்ச்காக்கின் 'தி மவுண்டன் ஈகிள்' அதில் உண்டு. சுருளே இல்லை. முடங்கிய படத்துக்குச் சுருள் எங்கோ இருக்கும். வெளியே எடுக்க ஆளும் பணமும் உரிமையும் வேண்டும். 1970களின் படம் என்றால் பெரும்பாலும் இரண்டாவது வகை.

முழு நீளத்தை முதலில் உறுதி செய்யுங்கள். 35 மி.மீ. படம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். ஓர் அடிக்கு 16 ஃபிரேம். 2,000 அடிச் சுருள் 22 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். 100 நிமிடப் படம் 9,000 அடி, அதாவது ஐந்து பெரிய சுருள். 'மன்த்லி ஃபிலிம் புல்லட்டின்' இதழ் 1991 வரை ஒவ்வொரு படத்துக்கும் அடிக்கணக்கை அச்சிட்டது. அந்த எண்ணையும் கையில் உள்ள பிரிண்டின் அளவையும் ஒப்பிட்டால் எவ்வளவு குறைகிறது என்று தெரிந்துவிடும்.

நிமிடத்தை மட்டும் வைத்து "வெட்டிவிட்டார்கள்" என்று முடிவுகட்டாதீர்கள். பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் வந்த டிவிடியும் பழைய விஎச்எஸ்ஸும் நொடிக்கு 25 ஃபிரேம். அரங்கில் 24. எனவே 100 நிமிடப் படம் டிவிடியில் 96 நிமிடமாகத்தான் இருக்கும். குரலும் ஒரு சுருதி அளவு ஏறிக் கேட்கும். இந்த நான்கு நிமிடத்தை நம்பித் தணிக்கை வரலாறே எழுதியவர்கள் உண்டு.

தேம்ஸ்கரை:

அண்ணை, வெட்டுப் பட்ட பிரிண்டையும் தேய்ஞ்ச பிரிண்டையும் எப்படிப் பிரிக்கிறது என்றும் சொல்லிவிடுங்கோ. அதுதான் எல்லாருக்கும் குழப்பம்.

மூன்றாம்ரீல்:

சொல்கிறேன், தேம்ஸ்கரை.

35 மி.மீ. பிரிண்டில் ஒலித்தடம் அதற்குரிய படத்துக்கு நேராக இருக்காது. 21 ஃபிரேம் முன்னால் அச்சாகியிருக்கும், ஏனென்றால் புரொஜெக்டரில் ஒலி படிக்கும் இடம் படச் சட்டத்துக்குக் கீழே இருக்கிறது. யாராவது அந்தப் பிரிண்டையே கத்தரித்து ஒட்டியிருந்தால், முதலில் படம் குதிக்கும், கிட்டத்தட்ட 0.9 நொடி கழித்து ஒலி குதிக்கும். படமும் ஒலியும் ஒரே நேரத்தில் குதித்தால், அல்லது ஒலி மட்டும் சுத்தமாகத் தொடர்ந்தால், வெட்டு நெகட்டிவிலேயே செய்யப்பட்டிருக்கிறது. அது எடிட்டரோ தணிக்கையோ செய்தது. ஆபரேட்டர் செய்ததல்ல.

குதிப்பு எங்கே வருகிறது என்றும் பாருங்கள். சுருளின் தலையிலும் வாலிலும் என்றால் பெரும்பாலும் தேய்மானம். வலது மேல்மூலையில் புள்ளி வரும் இடம்தான் சுருள் முடிவு. முதல் புள்ளிக்கும் சுருள் மாற்றத்துக்கும் ஏறக்குறைய 8 நொடி. அந்த ஓரங்கள்தான் தினமும் கையில் படும், கீழே விழும், கிழியும். சுருளின் நடுவில், வன்முறைக் காட்சியின் உச்சத்தில் குதித்தால் மட்டும் சந்தேகப்படுங்கள்.

அடுத்தது பெட்டியைத் திறப்பது. காடி வாடை அடித்தால் ஃபிலிமின் அடிப்பட்டையான அசிட்டேட் சிதையத் தொடங்கிவிட்டது. மூக்கை நம்பாதீர்கள். ஏ-டி ஸ்ட்ரிப் (அமிலம் பட்டால் நிறம் மாறும் தாள்) ஒன்றை மூடிய டப்பாவுக்குள் அறை வெப்பத்தில் 24 மணி நேரம் வையுங்கள். நீலம் என்றால் நல்ல நிலை. பச்சை, மஞ்சள் என்று போகப்போக மோசம். 0 முதல் 3 வரையான அளவில் 1.5 எட்டிவிட்டால் அமிலமே மேலும் அமிலத்தை உண்டாக்கும், அதன் பிறகு வேகம் கூடும். அந்தச் சுருளைத் தனியாகப் பிரித்து, முதலில் அதைத்தான் ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும். ஒரே அலமாரியில் வைத்தால் பக்கத்து டப்பாவும் கெடும்.

சுருக்கம் பார்க்க எளிய வழி ஒன்று. புதிய பாசிட்டிவ் ஃபிலிமில் 100 துளைகள் 475 மி.மீ. நீளம். பழைய சுருளை அதன் பக்கத்தில் வைத்து, முதல் துளையைப் பொருத்தி, நூறாவது துளையைப் பாருங்கள். ஒரு முழுத் துளை பின்வாங்கியிருந்தால் 1 சதவீதம் சுருங்கிவிட்டது. அதைப் புரொஜெக்டரில் ஏற்றக் கூடாது. பற்சக்கரம் துளைகளைக் கிழித்துவிடும். பற்சக்கரம் இல்லாமல் உருளையால் இழுக்கும் ஸ்கேனர்தான் வழி.

நிறத்தைப் பொறுத்தவரை, 1970களின் ஈஸ்ட்மேன்கலர் பிரிண்டுகள் பெரும்பாலும் சிவந்துபோயிருக்கும். சயான் (நீலப்பச்சை) சாயம் முதலில் மங்கிவிடுவதால் எஞ்சுவது அந்தச் செந்நிறம். கணினியில் சயானை ஏற்றலாம் என்பார்கள். ஓரளவு முடியும். ஆனால் சாயம் முழுக்கப் போன இடத்தில் ஏற்றினால் இருட்டுப் பகுதியெல்லாம் பொரிப்பொரியாகத் தெரியும். இந்தப் படம் போல முக்கால்வாசி இரவிலும் குழிக்குள்ளும் நடக்கும் கதைக்கு அது பெரிய சேதம். ஆகவே பிரிண்ட் கிடைத்ததோடு நிற்காமல் நெகட்டிவையோ, அதிலிருந்து எடுத்த இடைநிலைப் பிரதியான இன்டர்பாசிட்டிவையோ தேடுங்கள்.

ஆவணத்தேனீ:

நெகட்டிவ் தேடும் வழி: படத்தின் கடைசி டைட்டிலில் ஆய்வகத்தின் பெயர் இருக்கும். டெனம், வெஸ்ட் டிரேட்டன் போன்ற பெரிய ஆய்வகங்கள் மூடப்பட்டபோது அங்கே கிடந்தவை ஆவணக்காப்பகங்களுக்கும் உரிமையாளர்களுக்கும் போயின. பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டின் வார்விக்ஷையர் கிடங்கு கேடனில் இருக்கிறது. மைனஸ் 5 டிகிரி, 35 சதவீத ஈரப்பதம். படத்தின் பெயரில் மட்டும் தேடாதீர்கள். படப்பிடிப்பின்போது வைத்த தற்காலிகப் பெயரிலும் தயாரிப்பு நிறுவனத்தின் பெயரிலும் டப்பா பதிவாகியிருக்கும்.

உரிமை அதைவிடக் கடினம். 1957 ஜூன் முதல் 1989 ஜூலை வரை எடுக்கப்பட்ட படங்களுக்கு, படம் உருவாக ஏற்பாடு செய்தவர்தான் முதல் உரிமையாளர். நடைமுறையில் தயாரிப்பு நிறுவனம். ஒரே படத்துக்காகத் தொடங்கி, பணம் போனதும் கலைத்துவிட்ட நிறுவனமாக இருந்தால்? கம்பெனிகள் சட்டம் 2006ன் 1012வது பிரிவுப்படி, கலைக்கப்பட்ட நிறுவனத்திடம் மிஞ்சிய சொத்து அரசமகுடத்துக்குப் போகும். காப்புரிமையும் சொத்துதான். அரசு சட்டத்துறையின் போனா வேகான்ஷியா (உரிமையாளர் இல்லாத சொத்து) பிரிவுக்கு எழுதி வாங்க வேண்டும். நிறுவனம் லங்காஷையரில் பதிவானது என்றால் லங்காஸ்டர் டச்சியிடம், கார்ன்வால் என்றால் கார்ன்வால் டச்சியிடம் கேட்க வேண்டும்.

உரிமையாளர் யார் என்றே தெரியவில்லை என்றால் 2014 அக்டோபர் முதல் அறிவுசார் சொத்து அலுவலகம் அநாதைப் படைப்புக்கான உரிமம் தருகிறது. அதிகபட்சம் 7 ஆண்டு, ஐக்கிய ராஜ்ஜியத்துக்குள் மட்டும். எங்கெங்கே தேடினீர்கள் என்ற பதிவைக் காட்ட வேண்டும், ஆகவே அனுப்பிய ஒவ்வொரு கடிதத்தின் நகலையும் வையுங்கள்.

பலர் தவறுவது இங்கேதான். சுருள் கையில் இருப்பது உரிமை ஆகாது. உரிமைக் காகிதம் இருப்பதால் சுருளும் கிடைத்துவிடாது. ஆய்வகக் கட்டணம் பாக்கி இருந்தால் ஆய்வகம் நெகட்டிவைப் பிடித்து வைக்கலாம். இசைக்குத் தனி ஒப்பந்தம் இருக்கும். இவற்றில் ஒன்று விடுபட்டாலும் வட்டு வெளிவராது.

தேம்ஸ்கரை:

லண்டனில் இருக்கிற ஆக்களுக்கு ஒன்று சொல்ல வேணும். சவுத்பேங்கில் உள்ள ரூபன் நூலகம் இலவசம். பழைய 'மன்த்லி ஃபிலிம் புல்லட்டின்', 'ஸ்க்ரீன் இன்டர்நேஷனல்' எல்லாம் அங்கே பார்க்கலாம். 'ஸ்க்ரீன் இன்டர்நேஷனல்' 1975ல் தொடங்கினது. அதுக்கு முந்தினது என்றால் 'சினிமா டிவி டுடே'யும் 'கினிமாட்டோகிராஃப் வீக்லி'யும் கேட்க வேணும்.

2012 வட்டில் 'ரெக்லூஸ்' என்ற குறும்படமும் சேர்த்திருக்கினம். டெவன் பண்ணை ஒன்றில் நடந்த மரணங்களை வைச்சு எடுத்தது. அதையும் தவறவிடாதேங்கோ. நீல்சன் 2011 டிசம்பரில் சிறைவாசியாகவே செத்தான். அடுத்த வருசம் வட்டு வந்தது.

வடகரையான்:

கவுன்சில் முடிவுகளைத் தேடுபவர்களுக்கு: படத்தின் பெயர் எந்த அட்டவணையிலும் இருக்காது. 1974க்குப் பிறகு திரையரங்கு உரிமம் மாவட்டக் கவுன்சிலின் வேலை. எனவே உரிமக் குழு அல்லது சுற்றுச்சூழல் சுகாதாரக் குழுவின் கூட்டக் குறிப்பில் 'சினிமாட்டோகிராஃப் சட்டங்கள்' என்ற தலைப்பின் கீழே பாருங்கள். 1977 அக்டோபர் முதல் 1978 கோடை வரை புரட்டினால் போதும்.

கிட்ஸ்குரோவ் அன்று நியூகாசில்-அண்டர்-லைம் கவுன்சிலுக்குள் இருந்தது. கிடர்மின்ஸ்டர் வயர் ஃபாரஸ்ட், ஹைலி பிரிட்ஜ்நார்த். இந்த மூன்றிலிருந்தும் தொடங்குங்கள். பிரிட்ஜ்நார்த் ஆவணங்களுக்கு ஷ்ரூஸ்பரி, வயர் ஃபாரஸ்டுக்கு வூஸ்டரில் உள்ள 'தி ஹைவ்' ஆவணகம், நியூகாசிலுக்கு ஸ்டாஃபோர்டு. போவதற்கு முன் மின்னஞ்சலில் குறிப்பேட்டின் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சில தொகுதிகள் வெளிக்கிடங்கில் இருக்கும், எடுத்து வர நாளாகும். பக்கத்திலேயே ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் தனிக் கவுன்சில். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முடிவு வேறுபட்டதா என்று அதையும் சேர்த்துப் பாருங்கள்.

நிழற்பெட்டி:

நன்றி, வடகரையான். மூன்று ஆவணகங்களுக்கும் இன்றே எழுதுகிறேன். குறிப்பு கிடைத்தால் தேதியோடு இங்கேயே இடுகிறேன். ஸ்டோக் பக்கம் இருப்பவர்கள் யாராவது உள்ளூர் நூலகத்தின் மைக்ரோஃபிலிமில் 1977 டிசம்பர் மாலைப் பத்திரிகைகளின் சினிமா விளம்பரப் பக்கத்தைப் பார்க்க முடியுமா? எந்த அரங்கு, எந்த வெள்ளிக்கிழமை, எத்தனை நாள். இந்த மூன்றும் தெரிந்தால் போதும்.